ஆறு விரல் நாயும் சில நல்ல பைத்தியங்களும்

உங்க காலேஜ்ல மொத்தம் எத்தனை கிளப் இருக்கு? கொஞ்சம் எண்ணிப் பாருங்க. ஃபோட்டோகிராஃபி கிளப், நேச்சர் கிளப், குவிஸ் கிளப், ரோட்டராக்ட்... ஆரம்பத்துல பேர் கொடுக்கும்போது கூட்டம் அள்ளும். முதல் மீட்டிங்ல சமோசா, டீ. மூணாவது மீட்டிங்ல செக்ரட்டரியும் அவரோட ரூம்மேட்டும் மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாங்க. மெம்பர் லிஸ்ட் எழுதின நோட்டு எங்கே போச்சுன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நோட்டு தொலைந்தால் உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லை. ஆனால் சில கிளப்புகளில் நோட்டு தொலைந்தால், ஒரு நாய் இனமே தொலைந்துவிடும். நிஜமாத்தான் பாஸ்!

ஒவ்வொரு நாய் இனத்துக்கும் ஒரு கிளப் உண்டு. 'பணக்காரங்க நாய்க்கு ஷாம்பூ போட்டு, சீவி, கண்காட்சிக்குக் கூட்டிப் போய் ரிப்பன் வாங்குற இடம்தானே?' என்று நினைக்கிறீர்களா? அந்த ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த கிளப்பின் உண்மையான வேலை வேறு. எந்தப் பெட்டைக்கு எந்த ஆண் நாயைச் சேர்த்தார்கள், எத்தனை குட்டி போட்டது, எத்தனை பிழைத்தது, பாட்டி நாய்க்கு என்ன வியாதி இருந்தது, குட்டி யார் வீட்டுக்குப் போனது... இதையெல்லாம் வருஷக்கணக்கில் ஒருவர் எழுதி வைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. குட்டி ஈன்ற ராத்திரி தூக்கம் கிடையாது. பேப்பரில் பேரும் வராது.

அப்படிப் பேர் வராத சிலரைத்தான் இந்த வாரம் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். முதலில் ஒரு பெண்மணி. அவர் கதையைச் சொல்ல வடதுருவத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

நார்வே நாட்டின் வடக்கே லோஃபோடன் தீவுக்கூட்டம். அதில் வேரோய் என்று ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவிலும் மலைக்குப் பின்னால், கடலோரமாக ஒட்டிக்கொண்டிருந்தது மோஸ்டாட் என்ற கிராமம். ரோடு கிடையாது. வெளியே போக வேண்டுமானால் படகு, இல்லையென்றால் மலைச்சரிவு வழியாக நடை. நம்ம ஊரில் 'பஸ்ஸே வராத ஊர்' என்று கிண்டல் அடிப்போமே, அதற்கும் ஒரு படி மேலே.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கடல் மீனோடு இன்னொரு பிழைப்பும் இருந்தது, பஃபின் என்ற பறவை. கறுப்பு வெள்ளை உடம்பு, கிளி மாதிரி ஆரஞ்சு மூக்கு. செங்குத்தான பாறைச் சரிவில், கற்களுக்கு இடையே வளை தோண்டி முட்டையிடும். அதன் இறைச்சியை உப்புப் போட்டுக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இறகுக்கு விலை உண்டு. ஆனால் வளைக்குள் மனிதன் கையை விட்டால் தோள்பட்டை வரைதான் போகும். பறவையோ அதற்கும் உள்ளே, வளைவு திரும்பி உட்கார்ந்திருக்கும்.

அங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார். பெயர் லுண்டெஹுண்ட். நார்வே மொழியில் 'லுண்டெ' என்றால் பஃபின், 'ஹுண்ட்' என்றால் நாய். அதாவது பஃபின் நாய். இந்த நாயின் உடம்பு ஒரு அதிசயம். ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல்! வழுக்குப் பாறையில் பிடிமானத்துக்கு. முன்னங்கால் இரண்டையும் சிலுவை மாதிரி பக்கவாட்டில் விரிக்கும். கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலையை முதுகில் வைக்கும். இடுக்கில் மாட்டிக்கொண்டால் திரும்பி வர இந்த வசதி எல்லாம் வேண்டும். காதை மடித்து மூடிக்கொள்ளவும் தெரியும். இப்படி வளைக்குள் புகுந்து, பறவையைக் கவ்விக்கொண்டு வந்து எஜமான் கையில் கொடுக்கும். ஒரே இரவில் டஜன் கணக்கில் பிடிக்கும் நாய்கள் இருந்தன. 1590களிலேயே இந்த நாய்களைப் பற்றி ஓர் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார் என்றால், இதன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வலை வந்தது. நாய் இல்லாமலே பறவை பிடிக்கலாம். கூடவே நாய்க்கு வரியும் வந்தது. வேலையும் போய், வரியும் கட்ட வேண்டிய பிராணியை யார் வீட்டில் வைத்திருப்பார்கள்? ஒவ்வொரு தீவாக லுண்டெஹுண்ட் காணாமல் போனது. 1900 வாக்கில் மிச்சம் இருந்தது அந்த ரோடு இல்லாத மோஸ்டாட் கிராமத்தில் மட்டும்தான். ஒதுக்குப்புறமாக இருந்ததே அதற்குப் பாதுகாப்பாகிவிட்டது.

1925இல் சிகூர்ட் ஸ்கௌன் என்ற நாய் ஆர்வலர் இந்த இனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதினார். எழுதினார், படித்தார்கள், மறந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் எழுத்து என்பது ஒரு வினோதமான சரக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தெற்கு நார்வேயில், ஹமார் நகரப் பக்கம் நாய்ப் பண்ணை வைத்திருந்த எலனோர் கிறிஸ்டி என்ற பெண்மணியின் மனசில் இந்த நாய் ஒட்டிக்கொண்டது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? லெட்டர் போட்டார். மோஸ்டாட்காரர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, 1939இல் நான்கு நாய்களை வரவழைத்தார். மூன்று பெட்டை, ஒரு ஆண். அதுவரை பஃபின் வாசனையும் கடல் காற்றும் மட்டுமே தெரிந்த நாய்கள் நாட்டின் இன்னொரு கோடிக்கு வந்து சேர்ந்தன.

1939 என்றதும் ஹிஸ்டரி ஸ்டூடண்ட்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அடுத்த வருஷம் ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. மனுஷனுக்கே சாப்பாட்டுக்கு ரேஷன். அந்த நேரத்தில் கிறிஸ்டி நாய்க்குட்டிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 1943இல் அவரிடம் அறுபது நாய்கள் போல இருந்தன. அதே வருஷம் லுண்டெஹுண்ட் தனி இனமாக அங்கீகாரமும் பெற்றது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அறுபது நாய் அல்ல, அதற்கு முந்தைய வருஷம் நடந்த ஒரு விஷயம்.

1942இல் வேரோய் தீவில் டிஸ்டெம்பர் நோய் பரவியது. உங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் முதல் பெயராகவே இது இருக்கும். மனிதர்களுக்கு வரும் தட்டம்மைக் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வந்துவிட்டால் மருந்து கிடையாது, முன்கூட்டியே ஊசி போட்டால்தான் உண்டு. போர்க்காலத்துத் தீவில் ஊசிக்கு எங்கே போவது? தீவிலிருந்த நாய்களில் ஒன்றே ஒன்று தவிர எல்லாம் செத்துப்போயின.

கிறிஸ்டி தன் பண்ணையிலிருந்து நான்கு நாய்களை மோஸ்டாடுக்குத் திருப்பி அனுப்பினார். அதில் சினையாக இருந்த பெட்டைகளும் உண்டு. யோசித்துப் பாருங்கள். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத சரக்கு அவர் கையில். 'நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், விலையை ஏற்றலாம். சினை நாய் என்றால் வரப்போகும் குட்டிகளும் போச்சு. ஆனாலும் போர் நடக்கும் நாட்டில், அத்தனை தூரம் அனுப்பி வைத்தார்.

இரண்டே வருஷம். 1944இல் அதே டிஸ்டெம்பர் தெற்கே வந்தது. கிறிஸ்டியின் நாய்கள் அத்தனையும் போயின. ஒரே ஒரு கிழட்டு ஆண் நாய் மிஞ்சியது. ஒற்றை ஆண் நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1942இல் அவர் கஞ்சத்தனம் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அனுப்பிய நாய்களின் வாரிசுகள் மோஸ்டாடில் ஓடிக்கொண்டிருந்தன. போர் முடிந்த பிறகு அங்கிருந்து மறுபடி நாய்கள் தெற்கே வந்தன. முதல் முயற்சி கைகூடவில்லை. விடவில்லை அந்த அம்மா. 1960 வாக்கில் மறுபடி தீவிலிருந்து நாய்கள் வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார். நமக்கு ஒரு அரியர் விழுந்தாலே மறுபடி புத்தகத்தை எடுக்கக் கை நடுங்குகிறது. இவர் இருபது வருஷ உழைப்பு மண்ணோடு போன பிறகு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார்.

1962இல் நார்வே லுண்டெஹுண்ட் கிளப் பிறந்தது. பிறந்த கையோடு சோதனை. 1963இல் தீவில் மறுபடி டிஸ்டெம்பர். அந்த அலை ஓய்ந்தபோது எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் ஆறு நாய்கள். தீவில் ஒன்று, தெற்கே ஐந்து. அந்த ஐந்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆறு நாய்! ஹாஸ்டல் ரூமில் அடைத்துவிடலாம். அங்கிருந்துதான் கிளப் வேலையைத் தொடங்கியது. யாரோடு யாரைச் சேர்ப்பது என்று கறாரான விதிகள். இந்த நாய் ஒரு ஈற்றுக்கு நிறையக் குட்டி போடுகிற ஜாதியும் இல்லை, இரண்டு மூன்று குட்டிதான் வரும். அப்படியிருந்தும் 2010 வாக்கில் உலகத்தில் சுமார் 1,400 லுண்டெஹுண்டுகள் இருந்தன. அடுத்த வருஷம் அமெரிக்கன் கென்னல் கிளப் முழு அங்கீகாரம் கொடுத்தது.

'சுபம்' போட்டுவிடலாமா? அவசரப்படாதீங்க, இதில் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சின்ன ரவுண்டு போர்ச்சுகலுக்குப் போய் வருவோம். அங்கேயும் ஒரு நாய், அங்கேயும் இதே மாதிரி சில பைத்தியங்கள்.

ஒபாமா வெள்ளை மாளிகையில் இருந்தபோது 'போ' என்ற சுருட்டை முடி கறுப்பு நாயோடு ஓடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2009இல் அங்கே வந்தது. அது போர்ச்சுகீஸ் வாட்டர் டாக். போர்ச்சுகல் மீனவர்களின் படகு நாய். கடலில் குதித்து, அறுந்த வலையை இழுத்து வரும், ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் செய்தி கொண்டுபோகும். எஞ்சின் படகும் வயர்லெஸ்ஸும் வந்ததும் இதற்கும் வேலை போச்சு.

1930களில் வாஸ்கோ பென்சாவ்டே என்ற கப்பல் கம்பெனி முதலாளி, ஒரு மீனவனின் படகிலிருந்து 'லியாவ்' என்ற நாயை வாங்கி வந்து வளர்த்தார். அந்த இனத்தின் இன்றைய அடித்தளமே அந்த நாய்தான். பெயருக்கு அர்த்தம் 'சிங்கம்'. 1967இல் பென்சாவ்டே காலமானபோது அவருடைய நாய்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் சினிமாத்தனமானது: கொன்ச்சிதா சின்ட்ரோன். குதிரை மேல் ஏறிக் காளையோடு மோதிய, உலகப் புகழ் பெற்ற பெண் மாடுபிடி வீரர்! அவரிடமிருந்து 1968இல் ஒரு குட்டியை அமெரிக்காவுக்கு வாங்கிப் போனார்கள் டெயன் மில்லர், ஹெர்பர்ட் மில்லர் தம்பதி.

1972 ஆகஸ்ட் மாதம், கனெக்டிகட் மாநிலத்தில் மில்லர் வீட்டில் ஒரு கூட்டம். வந்தவர்கள் 14 பேர். அன்றைக்கு அமெரிக்காவில் இருந்த அந்த இன நாய்கள் ஒரு டஜன்தான். நாயைவிட மெம்பர் அதிகம்! நம்ம காலேஜ் கிளப்பில்கூட இப்படி ஒரு கணக்கு வராது. அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் அமெரிக்காவின் போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் கிளப்.

டெயன் மில்லர் செய்த ஒரு புத்திசாலித்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். போர்ச்சுகலில் பென்சாவ்டே வம்சத்து நாய்கள் ஒரு பக்கம், கப்ரால் என்ற இன்னொருவர் வளர்த்த வம்சம் இன்னொரு பக்கம் என்று இரண்டு கோஷ்டி. மில்லர் இரண்டு பக்கத்து நாய்களையும் வாங்கி ஒன்றாகச் சேர்த்தார். கோஷ்டிப் பூசலால் நாம் எத்தனை கல்ச்சுரல்ஸைக் கெடுத்திருக்கிறோம்! அவருக்கு கோஷ்டி முக்கியமில்லை, குட்டி ஆரோக்கியமாக இருந்தால் போதும். 1984 முதல் அந்த இனம் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பட்டியலில் முழு உரிமையோடு உட்கார்ந்திருக்கிறது.

இந்த கிளப் எழுதி வைத்த நோட்டுகள் கடைசியில் எங்கே போய் உதவின தெரியுமா? பயாலஜி மக்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் லார்க் என்ற மரபணு விஞ்ஞானி சோயாபீன்ஸ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 'ஜார்ஜி' என்ற அவருடைய வாட்டர் டாக் 1996இல் செத்துப்போனது. இன்னொரு குட்டி வேண்டும் என்று தேடினார். குட்டி கொடுத்த பெண்மணி பணம் வாங்க மறுத்துவிட்டார். 'சோயாவை விட்டுட்டு எங்க நாயை ஆராய்ச்சி பண்ணுங்க' என்று போன் மேல் போன். மனுஷன் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

நாய் வைத்திருந்தவர்கள் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினார்கள், ரத்தம் கொடுத்தார்கள், செல்லம் செத்த பிறகு பரிசோதனைக்கு உடம்பையே கொடுத்தவர்களும் உண்டு. நாய்கள் யார் யாருக்குச் சொந்தம் என்ற வம்சாவளி எல்லாம் ஏற்கெனவே கிளப் நோட்டில் தயார். அந்த எக்ஸ்ரேக்களிலிருந்து புறப்பட்ட ஆராய்ச்சி 2007இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சிஹுவாஹுவா போன்ற குட்டை நாய்கள் குட்டையாக இருப்பதில் ஐஜிஎஃப்-1 என்ற ஒரு மரபணுவுக்குப் பெரிய பங்கு என்று கண்டுபிடித்தார்கள். தூக்கம் கெட்டு எழுதிய நோட்டு, லேபுக்குள் போய்விட்டது!

சரி, நார்வே சிக்கலுக்குத் திரும்புவோம்.

ஆறு நாயிலிருந்து 1,400 நாய் என்றால் என்ன அர்த்தம்? அத்தனையும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சித்தப்பா பெரியப்பா. சொந்தத்துக்குள்ளேயே கலந்து கலந்து, லுண்டெஹுண்டுகளுக்குள் மரபணு வேறுபாடு கிட்டத்தட்டத் துடைத்து எடுத்ததுபோல் ஆகிவிட்டது. குட்டிகள் குறைவாகவே பிறக்கின்றன. இன்னொரு கொடுமை, குடல் வியாதி. சாப்பிட்ட புரதம் உடம்பில் ஒட்டாமல் குடல் வழியே வெளியேறிவிடும். நல்லா ஓடியாடிய நாய் இளைத்து இளைத்துச் சாகும். அந்த இனத்தின் பெயரையே வியாதிக்கு வைத்து 'லுண்டெஹுண்ட் சிண்ட்ரோம்' என்கிறார்கள் டாக்டர்கள்.

கிளப் என்ன செய்யும்? ஐம்பது வருஷமாக அவர்கள் காத்தது 'கலப்பு இல்லாத தூய இனம்' என்ற ஒன்றைத்தான். அதைக் காத்துக்கொண்டே இருந்தால் இனம் மெல்லச் சாகும். கலந்தால் தூய்மை போகும். இது எல்லா நாய் கிளப்பிலும் அடிதடி வரைக்கும் போகிற சப்ஜெக்ட். வம்சம், ரத்தம், தூய்மை என்றால் நாய்க்காரர்களும் மனுஷங்க மாதிரியேதான் உணர்ச்சிவசப்படுவார்கள்.

2014இல் நார்வேக்காரர்கள் துணிந்து கலப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நார்வே பூஹுண்ட், ஐஸ்லாந்து ஆட்டு நாய், ஸ்வீடன் பக்கத்து நொர்போட்டன்ஸ்பெட்ஸ். இப்படி உறவுமுறையில் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிற மூன்று இனங்களோடு லுண்டெஹுண்டைச் சேர்த்தார்கள். பிறக்கும் குட்டிகளை மறுபடி லுண்டெஹுண்டோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாக உருவத்தைத் திரும்பக் கொண்டுவருவது திட்டம். கலப்புக் குட்டிகளிடம் மரபணு வேறுபாடு நன்றாகவே கூடியிருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என்னைக் கேட்டால் என் ஓட்டு கலப்புக்குத்தான். போர்க்காலத்தில் சினை நாயைத் திருப்பி அனுப்பிய அந்த அம்மா காப்பாற்ற நினைத்தது நாயைத்தான், சர்ட்டிஃபிகேட்டை இல்லை. நீங்கள் மாற்றி ஓட்டுப் போடலாம். கேன்டீனில் உட்கார்ந்து சண்டை போடத் தகுந்த டாபிக்.

இதில் இன்னொரு வேடிக்கை, அல்லது வேதனை. நாயைக் காப்பாற்றிவிட்டார்கள், அது துரத்திய பறவைதான் இப்போது தள்ளாடுகிறது. 2015இல் பஃபினையும் அழியும் அபாயமுள்ள பறவைகள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். லுண்டெஹுண்டுக்கு இன்று வேட்டை வேலை எதுவும் இல்லை. வீட்டு சோபாவில் ஏறி, காலை விரித்து, தலையைப் பின்னால் முதுகில் சாய்த்துத் தூங்குகிறது.

மோஸ்டாடிலும் யாரும் நிரந்தரமாக வசிப்பதில்லை. ஊர்க்காரர்கள் 1950களிலேயே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். சில வீடுகள் நிற்கின்றன. கோடையில் சிலர் வந்து தங்குவார்கள், சுற்றுலாக்காரர்கள் மலைச்சரிவு வழியாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ரோடு இன்னும் போடவில்லை.